ஏழு, ஐந்து, ஒரு பழுப்பு வட்டம்

இசாஃபியோர்டுரில் மின்சாரம் போனது
இரவு இரண்டு பத்துக்கு.
மலையிலிருந்து சரிந்த பனி கம்பத்தைச் சாய்த்ததாம்.
மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தது.
சர்வர் எழுந்தது, விசிறி சுற்றியது.
மீன் ஏலக் கடிகாரம் மட்டும் எழவில்லை.

ஸ்டெய்னுன் கையுறையைக் கழற்றாமலே
பதிவேட்டைத் திறந்தாள்.
ஒரே வரி, நாற்பது தடவை:
அப்படி ஓர் அடைவு இல்லை.

நேற்றுவரை இருந்தது.
நினைவகத்தில் இருந்தது, அதுதான் கோளாறு.
ரன் என்கிற அந்த இடத்தில்
எதை வைத்தாலும் நீர்மேல் எழுத்து;
மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டினால்
வீடும் இல்லை, கதவிலக்கமும் இல்லை,
சொந்தக்காரன் பெயரும் இல்லை.

பதினோரு வருஷம் பால்ட்வின் இதைக் கையால் செய்தான்.
அடைவை உண்டாக்கு, ஏலத்தின் பெயருக்கு மாற்று,
அனுமதி கொடு, போய்ப் படு.
எழுதியே வைக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது:
திரையோரம் ஒரு மஞ்சள் சீட்டு உண்டு.
ஏழு, ஐந்து,
அப்புறம் காப்பிக் கறையில் ஒரு பழுப்பு வட்டம்.
பால்ட்வின் இப்போது க்ரீன்லாந்துப் பக்கம் இறால் படகில்.
போன் எடுக்காது.

ஏழு ஏழு ஏழு என்று தட்டிவிடலாம்.
போன குளிரில் அப்படித்தான் செய்தாள்.
எல்லோருக்கும் திறந்த வீட்டில்
ஏதோ ஒரு பேக்கப் ஸ்க்ரிப்ட் நுழைந்து
சாக்கெட்டைக் குப்பையென்று கூட்டித் தள்ள,
நான்கு டன் காட் மீன்
விலையில்லாமல் ஐஸின்மேல் கிடந்தது.
அந்த வாரம் முழுக்க ஓர்வர் அவளோடு பேசவில்லை.

இன்று கையால் செய்யவில்லை.
வட்டில், அழியாத பக்கத்தில்,
டெம்ப்ஃபைல்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினாள்:
அடைவு, அதன் பாதை,
ஏழு ஐந்து சுழி,
ஏலம், ஏலம், ஒரு சிறுகோடு.
சிறுகோடு இருப்பது வயதின் இடத்தில்.
எத்தனை நாளில் இது பழசாகும் என்று கேட்கிற இடம்.
கோடு போட்டால் யாரும் கேட்பதில்லை.

பிறகு செய்ததுதான் பைத்தியக்காரத்தனம்.
கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது,
ஏலத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம்,
ஓர்வர் முதல் தொட்டியை உருட்டி வருகிறான்.
ரீபூட் என்று அடித்தாள்.

"இப்போதா?"
"இப்போதுதான். இல்லாவிட்டால்
அடுத்த பனிச்சரிவு சோதித்துப் பார்க்கும்."

திரை கருத்தது.
ஓர்வர் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான்.
"நாளை மறுநாள் சோல்காத்தாத் தெருவில் வெயில் விழும்,"
என்றான் கருந்திரையைப் பார்த்தபடி,
"இரண்டு மாசம் ஆயிற்று.
அப்பத்துக்கு மாவு வாங்கணும்."
மறுபடி கழற்றினான்.

அடைவு இருந்தது.
பழையது அல்ல,
பிறந்த நேரம் ஐந்து இருபத்தெட்டு.
அதே பெயர், அதே சொந்தம், அதே பூட்டு.
நேற்று உள்ளே கிடந்தது எதுவும் திரும்பவில்லை.
திரும்பவும் வேண்டாம்.

கடிகாரம் முதல் விலையைச் சொன்னபோது
ஸ்டெய்னுன் சீட்டைப் பிய்த்தாள்,
கசக்கப் போனாள், பார்த்தாள்.
சுழிதான் அது.
காப்பிக் கோப்பை அத்தனை வருஷமும்
சரியான விடையின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.