அளவு நாற்பத்திரண்டு

மழைக்கு ஒதுங்கத்தான் போனேன், பொய் சொல்வானேன்.
மலையிலிருந்து இறங்க வேண்டிய பேருந்து
இரண்டு மணி நேரம் தாமதம்.
சதுக்கத்தில் திறந்திருந்தவை இரண்டே:
ஒரு முடிதிருத்தகம், ஒரு போர் அருங்காட்சியகம்.
என் தலையில் வெட்ட ஒன்றுமில்லை.

பெரியவர்களுக்கு ஆறு யூரோ.
மாணவர், ஓய்வூதியர், படைவீரர் பாதிக் கட்டணம்.
"படைவீரர் யாராவது வருவதுண்டா?"
சீட்டுக் கிழித்த நெவென்கா யோசித்தாள்.
"வருவார்கள். சீக்கிரம் போய்விடுவார்கள்."

முதல் அறையில் சுண்ணாம்பில் செய்த மலை,
அடியில் நீலச் சாயமாய் சோச்சா ஆறு.
பொத்தானை அழுத்தினால்
இத்தாலியர் பக்கம் பச்சை, ஆஸ்திரியர் பக்கம் சிவப்பு.
ஒரு பையன் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு
கிறிஸ்துமஸ் என்று கத்தினான்.
சிரிக்கலாமா என்று அவன் அப்பா என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.

தாடை போனவர்களின் படங்களை
வேகமாகக் கடந்தேன்.
கரண்டிகளின் முன்னால் மட்டும்
வெகுநேரம் நின்றேன், ஏனோ.

கடைசிப் பெட்டியில் ஒற்றை பூட்ஸ்.
இடது கால். அளவு நாற்பத்திரண்டு. எனக்கும் அதுதான்.
உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள்,
பனி ஈரத்தை உறிஞ்ச என்றது குறிப்பு.
காலையில் போட்டுக்கொள்ள நினைத்திருக்கிறான்
என்று குறிப்பு சொல்லவில்லை.
அது நான் சேர்த்தது.

சளக் சளக்கென்று படியிறங்கி வந்தேன்.
நெவென்கா முதலில் தரையைப் பார்த்தாள்,
பிறகுதான் என்னை.
"கழற்றுங்கள்."
கழற்றினேன்.
மேசைக்கடியிலிருந்து நேற்றைய தாளை உருவி
நாலாய்க் கிழித்துக் கசக்கி
நுனிவரை விரல்விட்டுத் திணித்தாள்,
இடது காலுக்கு விளையாட்டுப் பக்கம்.
"இங்கே எல்லோரும் இப்படித்தான்.
வேறெப்படிக் காய வைப்பது?"

காலுறையோடு ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து
அவள் தந்த ஆப்பிளைத் தின்றேன்,
உள்ளே உண்ணக்கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே.
மழை விட்டதா என்று அவளும் எட்டிப் பார்த்தாள்.
விடவில்லை.

ராத்திரி விடுதிக் கட்டிலில்
தாள்களை வெளியே எடுத்து நீவி விரித்தேன்.
மொழி தெரியாது. படம் பார்த்தேன்:
தள்ளுபடியில் ஒரு குளிர்பதனப் பெட்டி,
யாரோ ஒரு அமைச்சரின் பாதி முகம்,
சேற்றில் குப்புற நீண்டு கிடக்கும் ஓர் இளைஞன்.
மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டது.
பிறகு தாளின் ஓரத்தில் கண்டேன்,
அவன் கைக்கு எட்டாத தூரத்தில்
பந்து.

விடிந்தபோது வலது காய்ந்திருந்தது.
இடதில் கொஞ்சம் ஈரம்.
போட்டுக்கொண்டேன்.
ஆறரைக்குப் பேருந்து.