தலைமுழுகுதல்

நீர்மூழ்கியை மூழ்கடிப்பது எப்படி?
பெயரிலேயே மூழ்கல் இருக்கிறதே என்று
குவீன்ஸ்கிளிஃப் படகுத்துறையில்
ரப்பர் உடைக்குள் கால் நுழையாமல்
துள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.
டெஸ்மண்ட் (படகும் அவனுடையது,
படகு முழுக்கப் பரவிய சளியும் அவனுடையது)
மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்:
எழுவதை நிறுத்தினால் போதும்.

அரைமணி நேரம்தான் நமக்கு.
இரண்டு ஓதங்களுக்கு நடுவே
எந்தப் பக்கம் போவதென்று
கடல் யோசிக்கும் நேரம்.

பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பார்கள்.
இது படைக்குப் பிந்தியது.
ஆணி அறைந்து, சாயம் பூசி,
ஆட்களை உள்ளே அடைத்து முடிப்பதற்குள்
ஐரோப்பாவில் சமாதானம்.
மிஞ்சியதை லண்டன்
ஆஸ்திரேலியாவுக்குத் தானம் கொடுத்தது.
தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
பார்த்தார்கள். எல்லாம் சொத்தை.

ஜீலாங்கில் ஆறு மாதம் பழுதுபார்ப்பு,
ஆறு நாள் ஓட்டம்,
மறுபடி பழுதுபார்ப்பு.
ஊர்க் காட்சிக்கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால்,
தந்தியாளன் ஹொரேஸ் டிங்கிள்
அக்காவுக்கு எழுதிய அஞ்சலட்டை இருக்கிறது:
'கப்பல் இன்றும் நகரவில்லை.
நான் நகரலாமென்று இருக்கிறேன்.'
அடுத்த வியாழன் ஓடிப்போனான்.
கோலாக் பக்கம் உருளைக்கிழங்கு பயிரிட்டானாம்.
வெங்காயம் என்பாரும் உளர்.

பிறகு செலவுக் கணக்கு எழுதினார்கள்.
எந்திரங்களைக் கழற்றினார்கள்,
செம்பை, பித்தளையை, பெரிஸ்கோப்பை,
கழிப்பறைக் குழாயைக்கூட விடவில்லை.
வெறுங்கூட்டை இழுவைப் படகு
முனையைத் தாண்டி இழுத்துப் போயிற்று.
எதிரி இல்லை. கொடி இல்லை.
வயிற்றில் சின்னதாய் ஒரு வெடி.
இழுவைப் படகுக்காரன்
புகைக்குழாயைப் பற்றவைத்து
நிமிர்வதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

இதற்குத் தமிழில் ஒரு வினைச்சொல்
முந்தின இரவெல்லாம் தேடினேன்.
மூழ்கு, முங்கு, அமிழ், ஆழ்.
எதிலும் சொந்தக் கை இல்லை.
பல் துலக்கும்போது வந்தது:
தலைமுழுகுதல்.
ஆகாத உறவை அறுத்தவர்கள் செய்வது.
இங்கே முழுகியது மட்டும்
அறுத்தவர்கள் அல்ல.

முப்பத்தாறு மீட்டர்.
பச்சை முதலில் சாம்பலாகி
சாம்பல் பிறகு இரும்பாகிறது.
கோபுரம் கழன்று பக்கத்து மணலில் சாய்ந்திருக்கிறது,
கழற்றி வைத்த தொப்பி மாதிரி.
மேலெல்லாம் மஞ்சள் கடற்பஞ்சு.
பாலாஸ்ட் தொட்டி பிளந்த இடத்தில்
ஒரு கணவாய் என்னைப் பார்த்து
நிறம் மாற்றிக்கொண்டு, அது போதாதென்று
இன்னொரு முறை மாற்றிக்கொண்டது.

இங்க்ரிட் வெளியே நின்று
விரலால் மூன்று காட்டினாள். மூன்றே நிமிடம்.
குண்டு ஏற்றும் துவாரம் வழியே
தோளைக் குறுக்கி நுழைந்தேன்.
ஒருவரையும் கொல்லாத கருவி.
செத்தவர் எவரும் உள்ளே இல்லை.
துக்கம் கேட்கவும் ஆளில்லாத வீடு.
டிங்கிள் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று
விளக்கைத் திருப்பினேன். ஒரு மேசைக் கால்.
இல்லை, குழாய்.

நிமிர்ந்தபோது கண்டேன்.
நான் விட்ட மூச்செல்லாம்
கூரையில் ஒட்டிக்கொண்டு
பாதரசக் குட்டையாய் அசைகிறது.
அள்ள அள்ள வராத வெள்ளி.
நூறு வருடம் கழித்து
இதற்குள் காற்று.
ஒரு கைப்பிடி. அதுவும் கடன்.
கப்பல் அசையவில்லை, நிச்சயமாகச் சொல்கிறேன்,
அசைந்ததென்று எழுத ஆசையாக இருந்தாலும்.

எழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு.
ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒன்பது நிமிடம் தொங்க வேண்டும்,
அவசரப்பட்டால் ரத்தம் சோடாப்புட்டி ஆகிவிடும்.
தொங்கினேன். ஓதம் திரும்பத் தொடங்கி
கால்கள் டாஸ்மேனியா பக்கம் இழுபட்டன.

ஏழாவது நிமிடத்தில்,
அடியிலிருந்து, நூல் பிடித்தாற்போல்,
சின்னச் சின்னக் குமிழிகள்.
துருப்பிடித்த ஓட்டைகள் வழியே
அது என் மூச்சைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது,
வழக்கம்போல் பிந்தி.
முகக்கண்ணாடியை உரசி
என்னை முந்திக்கொண்டு மேலே போயின.

மேலே டெஸ்மண்ட் தும்முவது
படகின் அடிவயிறு வழியாகக் கேட்டது.