ஆற்றையோ தாரா

இரவு முழுக்கப் பதினேழு நெஞ்சு, நாலு முழங்கால்,
சின்னப்பிள்ளை ஒன்று விழுங்கின ஐந்து ரூபாய்க் குற்றி.
எக்ஸ்ரே அறையைப் பூட்டி
சாவிக்குக் கையெழுத்து வைத்து
ஸ்கூட்டியை எடுக்கையில் மழை விட்டிருந்தது.

எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு குளம்.
மாநகரசபை வரைபடத்தில் அதற்குப் பெயர் இருக்கிறதாம்.
நாங்கள் சொல்வது குளம்.
கார்த்திகையில் நிரம்பும்,
ஆடியில் பொடியள் அதற்குள் கிரிக்கெட் அடிப்பார்கள்.
இப்போது ஆகாயத்தாமரை, மூன்று பம்பேர்ஸ்,
கால் முறிந்த பிளாஸ்டிக் கதிரை,
கதிரையின் முதுகில் ஒரு நீர்க்காகம்
தோய்த்த சட்டையைப்போலச் சிறகை விரித்தபடி.

அதற்கு அப்பால் அது.

முதலில் கண்டது கட்டியைத்தான்.
சொண்டின் மேல், கறுப்பாய்,
கொட்டைப்பாக்கைவிடப் பெரிது.
என் தொழில் அப்படி,
எதைப் பார்த்தாலும் நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்றுதான்
கண் போகும்.
ஐயோ, எப்பன் நாள்தான் இதுக்கு என்று
பிரேக்கைப் பிடித்தேன்.

தாரா திரும்பியது.
வெள்ளைக் கழுத்தில்
மை கக்கும் பேனையை உதறினாற்போலப் புள்ளிகள்.
வெயில் ஒரு கீற்று முதுகில் பட,
கறுப்பென்று நினைத்தது
பச்சையாகி, நீலமாகி, செம்பாகி
மறுபடி கறுப்பானது.
நோயாளிகள் இப்படித் திரும்புவதில்லை.

மன்னாரில் வேலை செய்த இரண்டு வருடம்
விடுதி அலுமாரியில் ஒரு பறவைப் புத்தகம் கிடந்தது.
மின்சாரம் இல்லாத இரவுகளில் அதைத்தான் புரட்டுவேன்.
மூக்கன் தாரா.
ஆணுக்கு மட்டும் அந்த முண்டு.
பக்கத்தில் எங்கள் தீவின் படம்,
படத்தில் ஒரு பொட்டு நிறமும் இல்லை.
‘அரிது’ என்றுகூட எழுதியிருக்கவில்லை.
‘முன்பு’ என்று எழுதியிருந்தது.

டிலக்சன் ஓட்டோ கழுவிக்கொண்டு நின்றான்.
“தம்பி, உந்தத் தாராவைப் பாத்தனீரோ?”
“ஆற்றையோ வீட்டுத் தாரா அக்கா.
நத்தாருக்கு வளர்க்கினம்.
கயிறறுத்துக்கொண்டு வந்திட்டுது போல.”
மதிலுக்கு மேலால் பெனடிற்றா அன்ரி:
“மூக்கில என்ன கொப்புளம்? கிட்டப் போகாதை பிள்ளை,
பறவைக் காய்ச்சலாக்கும்.”

ஆறு படம் எடுத்தேன்.
கதிரை தெளிவாய் விழுந்தது.
பம்பேர்ஸ் கொம்பனியின் பெயரை வாசிக்கலாம்.
தாரா, கரைந்த ஒரு புகை.
மூச்சைப் பிடியுங்கோ, அசையாதேங்கோ என்று
விடியும்வரை சொன்னவள்
தன் மூச்சைப் பிடிக்க மறந்துபோனாள்.

ஆருக்குச் சொல்ல?
சொன்னால் கேட்பார்கள்:
எத்தனை மணி, எந்தப் பக்கம்,
கூட நின்றது ஆர், ஆதாரம் என்ன.
இந்த ஊரில் இந்தக் கேள்விகளுக்கு
நெஞ்சோடு ஒரு படத்தை அணைத்தபடி
வருடக்கணக்காய்ப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.
ஒரு தாராவுக்காக
அந்த வரிசையில் நான் போய் நிற்கமாட்டேன்.

ஆனாலும் அன்றிரவு
பதிவேட்டின் பின்னட்டை உட்பக்கத்தில் எழுதினேன்.
காலை 6.52. தெற்குக் கரை.
ஆண். ஒன்று.
சொண்டில் முண்டு, இயல்பானது.

மூன்றாம் நாள்
டிலக்சன் நிமிராமலே சொன்னான்:
“அக்கா, உங்கட தாரா நேற்றுப் பின்னேரம் எழும்பிட்டுது.
அப்பா, என்ன செட்டை!
ஃபோன் பொக்கற்றுக்குள்ளதான் கிடந்தது.
நான் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”

அவன் கையில் ஹோஸ்.
தண்ணீர் ஓட்டோவில் படாமல்
மதிலடியில் ஓடிக்கொண்டிருந்தது.