தவறு யாருடையதாயினும்

அந்த இரண்டு சொற்களை எழுதியவள் நான்தான்.
ஒரு பிப்ரவரி. கிறிஸ்தியான்சுண்டில் மழை
பனியாகலாமா வேண்டாமா என்று
மதியம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் கப்பல்காரர்கள்.
இந்தப் பக்கம் நாங்கள், கிரேன் கம்பெனி.
காபி ஆறியது. பிரிவு பதினான்கு ஆறவில்லை.

உன் ஆட்கள் உனக்கு, என் ஆட்கள் எனக்கு.
உன் இரும்பு உனக்கு, என் இரும்பு எனக்கு.
அடிபட்டவன் பெயர்
எவர் சம்பளப் பட்டியலில் இருக்கிறதோ
அவரே ஈடு கட்டுவார்,
தவறு யாருடையதாயினும்.

கேட்டால் அநியாயம் போலிருக்கும்.
கணக்குப் போட்டால் அதுதான் மலிவு:
ஒரே விபத்துக்கு இரண்டு பேர் பிரீமியம் கட்ட வேண்டாம்,
காற்று எத்தனை நாட் வீசியது என்று
ஏழு வருடம் நீதிமன்றத்தில் சண்டையிட வேண்டாம்.
காப்பீட்டாளரும் பணத்தைக் கொடுத்த பிறகு
எதிர்த்தரப்பைத் துரத்தும் உரிமையைக்
கைகழுவ வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தேன்.
அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நவம்பர். மாலை மூன்றரைக்கே இருட்டிய துறையில்
குழாய்க் கட்டு ஒன்று
இரண்டு நொடி முன்னதாக இறங்கியது.
கப்பல் தளத்தில் ஆர்வித் ஹெல்லெவிக்கின் இடது கை
இன்னும் விலகியிருக்கவில்லை.
கிரேன் அறையில் இருந்தது எங்கள் ஆள், ஒட்முண்ட்.

பதினோரு வாரத்தில் ஃபைலை மூடிவிட்டேன்.
முதல் இரண்டு லட்சம் குரோனர் கப்பல்காரர் கைக்காசு,
மீதி அவர்கள் பாலிசியிலிருந்து.
யாரும் யாரையும் ஏசவில்லை.
எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதோடு சரி.
"அழகான பிரிவு" என்றார் மேலாளர்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒட்முண்ட் வந்தான்,
தீவுக்கும் தீவுக்கும் ஓடும் சின்னப் படகின் ஈரத்தோடு.
"என் பங்கு எவ்வளவு?"
ஒன்றுமில்லை என்றேன்.
"சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமே."
முடியாது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
வரி வரியாக விரல் ஓட்டினான்.
"இதில் என் பெயர் எங்கே?"
எங்கும் இல்லை.
'ஒப்பந்ததாரர் குழு' என்ற சொல்லுக்குள்
நாற்பது பேரோடு அவனும் நிற்கிறான்,
நெரிசலான லிஃப்டில் நிற்பதுபோல
யார் முகத்தையும் பார்க்காமல்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
நான் பணத்துக்கு ஓரிடம் பார்த்துக் கொடுத்தேன்.
மற்ற இரண்டும் முகவரியில்லாமல்
என் எதிர் நாற்காலியில்
சொட்டிக்கொண்டிருந்தன.

மன்னிப்புக் கேட்டுவிடாதே, எழுதிவிடாதே,
அது ஒப்புதலாகும், பாலிசி கைவிடும்:
இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய்
தானாகத் திறந்தது.
திறந்த பிறகுதான் உறைத்தது.
பதினான்கில் தவறுக்கு வேலையே இல்லை.
ஒப்புக்கொண்டாலும் ஒரு குரோனர் நகராது.
இவன் சந்தையில் நின்று கத்தலாம்.

"போய்ச் சொல்."
"எதை?"
"அந்த இரண்டு நொடியை."

வெகுநேரம் தரையைப் பார்த்தான்.
பிறகு, எங்களோடு வேலை செய்து கற்ற புத்தி,
"இதை எழுத்தில் தருவீர்களா?" என்றான்.
தந்தேன். கம்பெனித் தாளில், முத்திரையோடு:
இன்னார் இன்னாரிடம் மன்னிப்புக் கேட்பதில்
இந்நிறுவனத்துக்கு ஆட்சேபணை இல்லை.
மேலாளருக்கு நகல் அனுப்பவில்லை.

ஆர்வித் கதவைத் திறந்தாரா, தெரியாது.
அது ஃபைலில் வராது.

அன்று மாலை அடுத்த ஒப்பந்தத்தின் வரைவு.
பிரிவு பதினான்கு, அதே சொற்கள்.
'யாருடையதாயினும்' என்பதற்குப் பின்
ஒரு காற்புள்ளி வைத்துப் பார்த்தேன்.
சட்டப்படி அதற்கு அர்த்தம் எதுவுமில்லை.
எடுத்துவிட்டு
பதினைந்துக்குப் போனேன்.