எத்தனை பேருக்கு

ஸ்வோல்லே நகருக்கு வெளியே
விமானக் கொட்டகை அளவுக்கு ஒரு கடை.
பிளாஸ்டிக் புல்லின்மேல்
நாற்பது கூடாரங்கள் விறைத்து நிற்கின்றன.
காற்றில்லை, மழையில்லை.
இங்கே எல்லாக் கூடாரமும் நல்ல கூடாரம்தான்.

"எத்தனை பேருக்கு?" என்றான் யோரிட்,
சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்.
இரண்டு என்றேன் நான்.
நான்கு என்றாள் ஹிஸ்கே, அதே மூச்சில்.

மகள் வான்கூவரில் இருக்கிறாள்.
மகன் வந்தாலும் ஓட்டலில்தான் படுப்பான்.
ஆனால் அவள் கணக்கும் சரி:
மழை மூன்று நாள் பிடித்துக்கொண்டால்
ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்க
இன்னோர் அறை வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் பாலம் தூக்கினேன்.
கண்ணாடிக் கூண்டிலிருந்து பொத்தானை அழுத்துவேன்,
சாலை எழுந்து நிற்கும், பாய்மரங்கள் போகும்.
கோடையில் காத்துநிற்கும் கார்கள்,
கூரைமேல் மூட்டை,
பின்சீட்டு ஜன்னலில் பிள்ளைகளின் பாதங்கள்.
ஊரே ஊர்சுற்றப் போக வழிவிட்டவன் நான்.
எனக்கென்று வாய்த்தது வருஷத்துக்குப் பத்து நாள்,
அதுவும் மச்சினனிடம் இரவல் வாங்கிய நைலானில்.

அந்த நைலானைப் பற்றிச் சொல்லவேண்டும்.
தெர்ஸ்கெலிங் தீவில் ஓர் இரவு முழுக்க
சிப்ஸ் பாக்கெட் மாதிரி கத்திக்கொண்டிருந்தது.
விடியும்போது கம்பு முறிந்து
ஈரத்துணி எங்கள் மூக்கில் ஒட்டிக் கிடந்தது.
மகள் சிரித்தாள். மகன் அழுதான்.
ஓட்டல் பழக்கம் அங்கே தொடங்கியிருக்கலாம்.

காற்றடித்தால் எழும் கூடாரத்தைக் காட்டினான் யோரிட்.
ஏழே நிமிடம்.
"ஓட்டை விழுந்தால்?"
"பஞ்சர் பெட்டி இலவசம், மேடம்."
"நார்வேயில் நடுராத்திரி பஞ்சர் ஒட்ட
நான் என்ன சைக்கிள் கடையா?"

பல் டாக்டரின் பக்கத்தில் நின்று
இருபத்தாறு வருஷம் கருவி நீட்டியவள் அவள்.
ஒவ்வொரு தையலையும் நகத்தால் கீறினாள்.
ஒவ்வொரு வாயிலுக்குள்ளும் குனிந்து
கடைசி மூலைவரை பார்த்தாள்.
மூன்று கூடாரங்களுக்குச் சொத்தை என்று சொல்லிவிட்டாள்.

கடைசி வரிசையில் அது நின்றது.
பருத்தி கலந்த துணி, ஈரமணல் நிறம்,
இரும்புக் கம்புகளோடு முப்பத்தெட்டு கிலோ.
"நனைந்தால் நூல் உப்பி
தன் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும்" என்றான் பையன்.
"ஆனால் முதல் தடவை நீங்களே
வேண்டுமென்று நனைத்துக் காயவைக்கணும்."
எனக்குப் பிடித்துப்போயிற்று.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
மறுபடி திருப்பி வைத்தேன்.

"ஒரே ஆள் தனியாகக் கட்ட முடியுமா?"
என்றாள் ஹிஸ்கே.
"இரண்டு பேர் இருந்தால் இருபது நிமிடத்தில்..."
"நான் கேட்டது அது இல்லை."

எங்கோ ஒரு ஜிப் ஓடி நின்றது.
பிப்ரவரியில் என் நெஞ்சுக்குழாயில் வைத்த கம்பிவலைக்கு
எத்தனை வருஷ உத்தரவாதமென்று
யாரும் சொல்லவில்லை.
இந்தக் கம்புகளுக்குப் பத்து என்று எழுதியிருந்தது.

கோட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள்.
பையிலிருந்து உருவிக் கொட்டினாள்.
உதவப் போனவனைக் கண்ணால் நிறுத்தினாள்.
நாற்பத்தொரு நிமிடம்.
கடைசிக் கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு
மொத்தத்தையும் பிரித்துப் போட்டாள்.
"இப்போ நீ."

எனக்கு ஐம்பத்துமூன்று. இடது தோள் சண்டித்தனம் செய்தது.
யோரிட்டின் சாப்பாட்டு நேரம் போயே போயிற்று.
பணத்தை அட்டையில் கட்டினோம்.
யாரும் எதுவும் பேசவில்லை,
பார்க்கிங்கில் பின்கதவு மூடாதபோது திட்டியதைத் தவிர.

சனிக்கிழமை, கொல்லையில்,
இருவருமாகக் கட்டினோம். பதினெட்டு நிமிடம்.
அவள் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.
நான் வெளியே ரப்பர் குழாயோடு மழையாக நின்றேன்.
வேலிக்கு மேலே பக்கத்துவீட்டு ஓபெவின் தலை.

"தையல்ல சொட்டுது!"
"நிறுத்தவா?"
"வேண்டாம்,
இன்னும் கொஞ்சம் பிடி."