சாரல்

வைக்கோல் லாரி புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டியதும்
அண்ணன் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.
செண்பகா மதினியின் சட்டம்.
வராத இரவுகளில்
கேஸை மூன்று முறை அடைப்பாள்,
தாழ்ப்பாளை எண்ணிக்கை இல்லாமல்.

ஆரியங்காவு வளைவில் அது கவிழ்ந்த பதினேழாம் நாள்
நான் பார்டர் கடையில் பரோட்டா தின்றேன்,
சால்னா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி.
என் அழுகை ஐப்பசி மழை.
கொட்டும், விட்டுவிடும்.

அவளுக்குச் சாரல்.
கொடியில் துணி காய்வதே இல்லை.

அஞ்சு வருஷமாய் அந்த நம்பருக்கு
ரீசார்ஜ் செய்கிறாள்.
தென்காசி டாக்டர் அதற்கொரு பெயர் சொன்னார்.
வாக்கப்பட்டு வந்த நாளிலேயே இப்படித்தான் என்றேன்,
ஏதோ புகார் போல.

"இருட்டிட்டு, இன்னும் அடிக்கலியே"
என்றாள் நேற்று.

எழுந்துபோய்
கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன்.
திரும்பி வந்து
மறுபடியும் போனேன்.