ஒற்று

ஜூலையில் மை காயாது.
மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டி
அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன்.
இரண்டு நாளாக வீட்டுக்காரர்
சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி
குனிந்தே நடந்தார்.

அப்துல் ரஹ்மான் தெருவில்
மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் அச்சுகள்
கூடையில் குவிந்து கிடக்கும்,
வெண்டைக்காய் மாதிரி பொறுக்கலாம்.
பிறந்த நாளுக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு,
சீக்கிரம் குணமாக மூன்று அளவில் உண்டு.
பதினோரு வருஷம் எட்டு பதினாலில்
எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்தவளின் ஆபீஸ்
பேலாப்பூருக்கு மாறிவிட்டது என்பதற்கு
யாரும் ரப்பர் வெட்டி வைக்கவில்லை.
"எதுக்கும் ஆகும்" என்று கடைக்காரர்
கட்டைவிரல் அளவில் ஒரு பறவையை நீட்டினார்.
நாற்பது ரூபாய்.

சுபதா. குடும்பப் பெயர் தெரியாது.
பட்டாணி உரிக்கும் வேகம் தெரியும்:
செம்பூரில் தொடங்கினால் வடாலாவுக்குள் ஒரு கிலோ.
மாமியாரின் சர்க்கரை அளவு தெரியும்.
ரே ரோட்டில் இறங்கும்போது
தினமும் சொல்வது தெரியும்: "யேதே."
போகிறவள் வருகிறேன் என்கிறாள்.
முதல் நாள் அர்த்தம் கேட்டுத் தெரிந்தபோது
நம் ஊர் ஆள் என்றே நினைத்துவிட்டேன்.

அதையே வெட்டலாம் என்று
பென்சில் ரப்பரை எடுத்தேன். வரேன்.
புது பிளேடு.
முதல் ரப்பர் வீண். நேராக எழுதி வெட்டிவிட்டேன்;
ஒற்றிப் பார்த்தால்
கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ எழுதிய தமிழ்.
இரண்டாவதில் னகரத்தில் ஏறி
வகரத்துக்குப் பின்னோக்கிப் போனேன்,
ரயிலில் எதிர்முகமாக உட்கார்ந்து போவதுபோல்.
எல்லாம் சரியாக வந்தது.
கடைசிச் சீவலில் புள்ளி மட்டும் பிய்ந்து
தரையில் எங்கோ உருண்டது.
கடுகளவு ரப்பர்.
எறும்பு எடுத்துப் போயிருக்கலாம்.
வரேன என்று விழுந்தது.
ஒற்றை ஒற்ற முடியவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பேனாவால் வைத்தேன்.

பழுப்பு அட்டை. மடிப்பைக் கரண்டிக் காம்பால் தேய்த்தேன்.
முகப்பில் சதுரமாக ஒரு ஜன்னல்,
காலாவதியான என் சீசன் பாஸை
மெல்லிசாக நறுக்கி மூன்று கம்பி.
கோந்து விரலில் அப்பி
மறுநாள் ஆபீஸ் கைநாட்டு எந்திரம்
என்னை யாரென்று கேட்டது.

பறவைக்கு ஒரு வித்தை உண்டு.
மை தொட்டு ஒற்றினால் கறுப்பு.
தொடாமல் மறுபடி ஒற்றினால் சாம்பல்.
மூன்றாவது ஒற்றில்
இருக்கிறதா என்று சாய்ந்து பார்க்க வேண்டும்.
அட்டையில் தூரம் அப்படித்தான் வரும்.
ஒரே கட்டைதான்.

டிபன் டப்பாவில், சப்பாத்தி இருக்க வேண்டிய அடுக்கில்
மழைக்குத் தப்பிக் கொண்டுபோனேன்.
லேடீஸ் பெட்டியில் ஸ்கேலால் கேக் வெட்டினார்கள்.
குர்லாவில் ஏறிய கூட்டம்
கிரீமை யார் துப்பட்டாவிலோ கொண்டுபோனது.
சுபதா அட்டையைத் திறந்து
தமிழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.
"யேதே" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அட்டையிலிருந்து கட்டைவிரலை எடுத்துப் பார்த்தாள்:
காயாத முதல் பறவை
முகத்தைத் திருப்பிக்கொண்டு அதில் ஏறியிருந்தது.

ரே ரோட்டில் வாசல் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை;
ஜன்னலுக்கு வெளியே நின்று
அட்டையைத் தூக்கிக் காட்டினாள்,
இன்னும் தலைகீழாக.
கம்பியில் ஒரு பறவை, சாம்பலாக,
இப்போது சரியான பக்கம் பார்த்து.
காட்டன் பஜார் பில்களோடு ஒருத்தி வந்து
அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் எட்டு பன்னிரண்டு.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
பன்வேல் போகும் கூட்டத்தில் ஒரு மஞ்சள் குடை.
என்னைப் பார்த்துவிட்டுக்
கட்டைவிரலை உயர்த்தினாள்.
இவ்வளவு தூரத்தில் அதில் ஒன்றும் தெரியவில்லை.
கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன்.